நெரெல்லோ மஸ்கலேசே: எட்னா சிவப்பு ஒயினில் பெருமை எரிமலைக்கா, திராட்சைக்கா?

இளவேனில்:

சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவில் விளைகிற நெரெல்லோ மஸ்கலேசே திராட்சையைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. எந்தக் கடையில் கேட்டாலும் எந்த விளம்பரத்தைப் படித்தாலும் இரண்டே இரண்டு பட்டம்தான் சொல்கிறார்கள். ஒன்று "எரிமலை ஒயின்", இன்னொன்று "மத்தியதரைக் கடலின் பர்கண்டி", அதாவது பினோ நுவார் திராட்சையில் சிவப்பு ஒயின் செய்யும் பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தோடு ஒப்பீடு. இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. முதலாவதில் புகழ் மொத்தமும் மலைக்குப் போய்விடுகிறது, இரண்டாவதில் பிரான்ஸுக்குப் போய்விடுகிறது, நடுவில் அந்தத் திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறம் மாதுளை முத்து மாதிரி, கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். சரி, லேசான ஒயின் போலிருக்கிறது என்று ஒரு வாய் குடித்தால் ஈறு முழுக்கத் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது, பின்னாலேயே புளிப்பு ஏறுகிறது, சிவப்புச் செர்ரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், காய்ந்த மூலிகை வாசனையெல்லாம் அதற்கப்புறம்தான் மெதுவாக வருகிறது. தோலில் நிறமி குறைவு, துவர்ப்பு அதிகம், புளிப்பும் அதிகம். இது அந்தத் திராட்சையின் பிறவிக்குணம். பினோ நுவார் இப்படியில்லை, அதில் நிறமும் மெலிது, துவர்ப்பும் மெலிது. ஆக, பர்கண்டி ஒப்பீடு கண்ணோடு சரி, நாக்குக்கு வந்தால் நிற்காது. யாரோடாவது ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வட இத்தாலியின் பீட்மாண்ட் வட்டாரத்து நெபியோலோ திராட்சைதான் கிட்டத்தில் வரும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மலையை எடுத்துவிட்டால் இந்தத் திராட்சைக்கு என்ன மிஞ்சும்?

ரெங்கா:

ஒன்றும் மிஞ்சாது என்பேன் :) சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். இதே திராட்சையைச் சிசிலியின் சமவெளியில், வெயிலில் வைத்துப் பாருங்கள், யார் தேடி வாங்கப் போகிறார்கள்? எட்னா ரொஸ்ஸோவில், அதாவது எட்னாவின் இந்தச் சிவப்பு ஒயினில், ஒரு புகை, இரும்பு, சாம்பல் மாதிரி ஒரு வாசனை இருக்கிறதே, அது லாவா மண்ணிலிருந்துதானே வருகிறது.

மண்வாசகன்:

ரெங்கா சார், அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. நான் மண்ணியல் படித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடியின் வேர் பாறையைச் சாப்பிடுவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற பொட்டாசியம், மெக்னீசியம், இரும்பு போன்ற அயனிகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. அவை பழத்துக்கு வந்து சேரும்போது அளவு மிகக் குறைவு. லாவாவின் "ருசி" என்று ஒன்று வேர் வழியாக ஏறிக் கோப்பையில் வந்து உட்கார வழியே இல்லை. புகை மாதிரித் தோன்றுகிற வாசனைக்கு நொதித்தலின்போது உண்டாகிற கந்தகச் சேர்மங்கள், பீப்பாய், ஒயின் வயதாகும் விதம் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஆனால் மண்ணுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன், பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. எட்னாவின் மண் பெரும்பாலும் கரு மணலும் பொடிக்கல்லும். களிமண் மிகக் குறைவு. இதில் இரண்டு விஷயம் நடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். எட்னாவின் கிழக்கிலும் வடக்கிலும் சிசிலியின் மற்ற பகுதிகளைவிட மழை எவ்வளவோ அதிகம், அறுவடைக் காலத்தில்கூடப் பெய்யும், அதனால் இந்த வடிகால் இல்லாவிட்டால் பழம் அழுகிப்போகும். இரண்டாவது, பில்லொக்செரா. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த அந்த வேர்ப்பேன் மணலில் சுலபமாக நகர முடியாது. அதனால்தான் எட்னாவில் சில இடங்களில், அந்தப் பேனைத் தாங்குகிற அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரிலேயே நூறு வயதைத் தாண்டி நிற்கிற கொடிகள் இன்றைக்கும் இருக்கின்றன. ராண்டாத்ஸோவுக்குப் பக்கத்தில் கல்தெராரா சொத்தானாவில் இருக்கிற அப்படியொரு சின்னத் தோட்டத்தின் பழத்தை மட்டும் தனியாக எடுத்து ஒயின் போடுகிறார்கள். எரிமலை செய்த பெரிய உதவி இதுதான், கொடியைக் கிழவியாகும்வரை வாழவிட்டது. ருசி கொடியுடையது.

பலேர்மோ_செல்வா:

வணக்கம் உறவுகளே. நான் ஊரால் யாழ்ப்பாணம், இப்போது பலேர்மோவில் குடும்பத்தோடு இருக்கிறேன், இங்கே எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை குறைந்த ஒரு வருடம் எட்னாவின் வடக்குப் பக்கம், லிங்குவாகுளோஸ்ஸாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அறுவடைக்குப் போனேன். வாசனையைப் பற்றி நீங்கள் கதைக்கிறதை ஆர்வமாக வாசித்தேன். நான் கையால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் விளங்கவேண்டியது, அது ஒக்டோபர் கடைசி. பலேர்மோப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, இங்கே அப்போதுதான் வெட்டத் தொடங்குகிறார்கள். காலையில் மூச்சு புகையாகப் போகும், விரல் விறைக்கும், பத்து மணிக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடிக்கும். பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

கொடிகள் கம்பியில் ஓடுவதில்லை. ஒவ்வொரு கொடியும் தனி மரம் மாதிரி, பக்கத்தில் ஒரு செஸ்ட்நட் தடி நட்டுக் கட்டியிருப்பார்கள். அல்பெரெல்லோ என்று பெயர். அடித்தண்டு என் தொடை மொத்தம், முறுக்கிக்கொண்டு, சிலது உள்ளே கோறையாகி ஒரு பக்கப் பட்டையில் மட்டும் உயிரோடு நிற்கும். ஆனாலும் காய்க்குது. லாவாக் கல்லை அடுக்கிக் கட்டின படிக்கட்டு வயல், அதனால் உழவு மெஷின் உள்ளே வராது, கூடையைத் தோளில் வைத்துத்தான் இறங்கவேண்டும். குலை நல்ல நீளம், பெரிசு, பழத்தின் மேலே வெள்ளை மாவு பூத்த மாதிரி இருக்கும், நிறம் கடும் கறுப்பில்லை, மங்கின நீலம். ஒன்றை வாயில் போட்டுத் தோலைச் சப்பினால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். இளவேனில் சொன்ன துவர்ப்பு கோப்பைக்கு வரமுதலே பழத்தில் இருக்கு, அதுக்கு நான் சாட்சி.

இன்னொன்று, ஒரே வரிசையில் இடையிடையே வெள்ளைத் திராட்சையும் நிற்கும். மினெல்லா என்று அங்கே சொல்லுவினம். பழைய ஆட்கள் எல்லாத்தையும் சேர்த்தே நட்டார்கள், சேர்த்தே மிதித்தார்கள்.

தாரணி:

செல்வா அண்ணா, அருமை! அந்த வெள்ளைத் திராட்சை விஷயம் சட்டத்திலேயே இருக்கிறது. எட்னா ரொஸ்ஸோ என்று லேபிள் போடக் குறைந்தது 80% நெரெல்லோ மஸ்கலேசே வேண்டும், 20% வரை அதன் கூட்டாளி நெரெல்லோ கப்புச்சோ சேர்க்கலாம், வெள்ளை ரகம் உட்பட மற்றவை 10% வரை போகலாம். எட்னாவுக்கு டிஓசி, அதாவது ஊர்ப் பெயரில் ஒயின் விற்க இத்தாலி தரும் சட்ட அங்கீகாரம், கிடைத்தது 1968இல், சிசிலியில் முதலில் வாங்கியது இதுதான், அதே தீவின் மார்சலா ஒயினுக்கும் முன்னால்.

வரலாறு யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். திராட்சையின் பெயரில் இருக்கிற மஸ்கலி என்பது எட்னாவுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிற ஊர். 1928 நவம்பரில் லாவா வந்து அந்த ஊரை மூடிவிட்டது, இரண்டு நாளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போதிருக்கிற மஸ்கலி அப்புறம் வேறு இடத்தில் நேர்நேரான தெருக்களோடு புதிதாகக் கட்டியது.

அதற்குப் பக்கத்தில்தான் ரிப்போஸ்தோ துறைமுகம். 19ஆம் நூற்றாண்டில் எட்னா ஒயின் பெருமளவு அங்கே இறங்கிக் கப்பலேறியது. 1890களில் மலையைச் சுற்றி ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள், சிர்க்கும்எத்னேயா, கத்தானியாவில் கிளம்பி ராண்டாத்ஸோ, லிங்குவாகுளோஸ்ஸா வழியாக ரிப்போஸ்தோவுக்கு. இன்றைக்கும் ஓடுகிறது. சரக்கு எங்கே போனது என்றால், வட இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும், அங்கே மெலிந்த ஒயினுக்கு வலு கூட்டக் கலப்பதற்கு! ஊர் பெயரும் இல்லை, திராட்சை பெயரும் இல்லை, வெறும் பீப்பாய்க் கணக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் பர்கண்டிக்காரன் வாங்கிக் கலந்திருக்கக்கூடிய சரக்குக்கு இன்றைக்கு நாமே பர்கண்டி என்று பட்டம் கட்டுவது எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை.

ரெங்கா:

தாரணி, தகவலுக்கு நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மண்வாசகன், வேர் பாறையைச் சாப்பிடாது, சரி. அப்படியானால் ஒரே தயாரிப்பாளர், ஒரே திராட்சை, ஒரே வருஷம், ஒரே முறை, ஐந்து இடம், ஐந்து ருசி, இது எப்படி? பஸ்ஸோபிஷாரோ என்கிற நிறுவனம் கொந்த்ராதா கொந்த்ராதாவாகத் தனித்தனி பாட்டில் போடுகிறது. கொந்த்ராதா என்றால் இங்கே ஒரு தோட்டப் பகுதிக்குரிய பழைய பெயர், 2011 விதிமுறையில் இப்படி 130க்கும் மேற்பட்டவற்றை முறைப்படி அங்கீகரித்திருக்கிறார்கள். அதில் கியாப்பெமாச்சினே கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர், ரம்பாந்தே ஏறக்குறைய 1000 மீட்டர். முதலாவது உருண்டு திரண்டு பழம் தூக்கலாக இருக்கும், இரண்டாவது மெலிந்து, வாசனை மேலே பறக்கும், துவர்ப்பு பொடிப்பொடியாக இருக்கும். திராட்சை ஒன்றுதானே? அப்போது வித்தியாசத்தைப் போட்டது மலைதானே?

மண்வாசகன்:

நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் கொடுத்த உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. 450 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் சராசரி வெப்பம் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறும். அங்கே அறுவடையே வாரக்கணக்கில் தள்ளிப் போகிறது, மேலே உள்ளதை நவம்பர் வரைகூட இழுக்கிறார்கள். அதோடு கியாப்பெமாச்சினேயில் லாவா மெல்லிய அடுக்குதான், கீழே சுண்ணாம்புப் பாறை வந்துவிடுகிறது, வேர் அதைத் தொடுகிறது, தண்ணீர் கிடைக்கிற விதமே வேறு. இதையெல்லாம் "எரிமலை" என்று ஒரே சொல்லில் போட்டு மூடினால் விவசாயி கவனிக்கிற எல்லாமே காணாமல் போகிறது.

அப்புறம் முக்கியமானது: இத்தனை சின்ன வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டுகிற திறன் எல்லாத் திராட்சைக்கும் கிடையாது. நிறமும் சதையும் மிகுந்த ரகங்களில் இடத்தின் வித்தியாசம் பழத்தின் கனத்துக்குள் அமுங்கிப்போகும். நெரெல்லோ மஸ்கலேசே மெதுவாகப் பழுக்கிறது, மறைத்துக்கொள்ளக் கனமான சதை இல்லை, அதனால் 1000 மீட்டரும் 550 மீட்டரும் தெளிவாகத் தெரிகிறது. அது திராட்சையின் குணம்தானே, ரெங்கா சார்?

இளவேனில்:

மண்வாசகன் சொன்னதோடு இன்னொன்று சேர்க்கிறேன், ரெங்கா கேட்ட "சமவெளியில் வைத்துப் பாருங்கள்" என்பதற்கு.

மரபணு ஆய்வில் இந்தத் திராட்சையின் தாய்தகப்பன் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் டஸ்கனியில் கியாந்தி செய்கிற சாஞ்சொவேசே, இன்னொரு பக்கம் இத்தாலியின் தென்கோடி கலாப்ரியாவின் வெள்ளைத் திராட்சை மந்தோனிக்கோ பியாங்கோ. இதே ஜோடிக்குப் பிறந்த இன்னொரு பிள்ளையும் இருக்கிறது: காலியொப்போ, மெஸ்ஸினா ஜலசந்திக்கு அந்தப் பக்கம் கலாப்ரியாவில் சிரோ ஊரின் ஒயின் அதுதான். எரிமலை கிடையாது, அயோனியன் கடலோரம், களிமண், சுண்ணாம்பு, நல்ல சூடு. நல்ல காலியொப்போ ஒரு பாட்டில் வாங்கித் திறந்து பாருங்கள். வெளிறிய நிறம், பிடிக்கிற துவர்ப்பு, ஆரஞ்சுத் தோல் வாசனை! சூட்டில் வளர்ந்ததால் சாராயம் கொஞ்சம் தூக்கல், புளிப்பு கொஞ்சம் தணிவு. ஆனால் முகஜாடை மாறவில்லை. எரிமலையே இல்லாத இடத்தில் இந்தக் குணங்கள் இருக்கின்றன என்றால் அவை எங்கிருந்து வந்தன? ரத்தத்திலிருந்து.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், மெஸ்ஸினா நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ஃபாரோ என்று ஒரு சின்ன டிஓசி. அதிலும் நெரெல்லோ மஸ்கலேசேதான் பெரும்பங்கு, நெரெல்லோ கப்புச்சோவும் நொச்செராவும் துணைக்கு. 1980களில் அந்த டிஓசியே அழிந்துபோகிற நிலைமை. இத்தாலியின் பெரிய ஒயின் எழுத்தாளர் லூயிஜி வெரொனெல்லி தூண்டிவிட்டுத்தான் பலாரி என்கிற தோட்டத்தில் மறுபடி ஒயின் போட ஆரம்பித்தார்கள், இன்றைக்கு உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். அது எட்னா மண் இல்லை. அதனால் "மலையை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்பது தப்பு.

கயல்:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். இவ்வளவு பெருமை இருக்கிற திராட்சை, இருபத்தைந்து வருஷம் முன்னால் வரை ஏன் யாருக்குமே தெரியவில்லை?

தாரணி:

கயல், கூலிதான் காரணம். செல்வா அண்ணா சொன்ன படிக்கட்டு வயலில் எல்லாமே கைவேலை. ஹெக்டேருக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் கொடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவாத்து செய்யவேண்டும், மண்ணை மண்வெட்டியால் கொத்தவேண்டும். கலப்புச் சரக்காக விற்றால் அந்தக் கூலிக்குக் கட்டுமா? போருக்குப் பிறகு இளைஞர்கள் மிலானுக்கும் டுரினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். கொடிகள் காடு மண்டிப் போயின. லாவாக் கல்லில் கட்டிய பழைய மிதிகூடங்கள், பல்மெந்தோ என்பார்கள், காலால் மிதித்துச் சாறு தானாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிற அமைப்பு, ஐரோப்பிய சுகாதார விதிக்குப் பொருந்தாது என்று விற்பனை ஒயினுக்குப் பயன்படுத்த முடியாமல் போனது. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன, சிலது சாப்பாட்டுக் கடையாகிவிட்டது.

திருப்பம் 1988இல், மருந்துத் தொழிலில் இருந்த ஜுசெப்பே பெனாந்தி தாத்தா காலத்துத் தோட்டத்தைத் திரும்ப எடுத்தபோது. அவரோடு வேலை செய்த சால்வோ ஃபோத்தி என்கிற ஒயின் வல்லுநர்தான் எனக்குப் பெரிய மனிதர். அவர் அல்பெரெல்லோ முறையை விடவே கூடாது என்று நின்றார், உள்ளூர்த் தொழிலாளிகளைச் சேர்த்து இ விஞ்ஞேரி என்று ஒரு குழு கட்டினார். அந்தப் பெயர் 1435இல் கத்தானியாவில் இருந்த திராட்சைத் தொழிலாளர் சங்கத்தின் பெயர். 2000ஐ ஒட்டித்தான் வெளியாட்கள் வந்தார்கள். டஸ்கனியிலிருந்து ஆந்த்ரேயா ஃபிராங்கெத்தி, பெல்ஜியத்திலிருந்து ஃபிராங்க் கொர்னெலிஸன், ஒயின் வியாபாரி மார்க் தே கிராத்ஸியா. ஃபிராங்கெத்தி வந்த புதிதில் பெத்தி வெர்தோ என்கிற பிரெஞ்சு ரகத்தையும் நட்டவர், அப்புறம் உள்ளூர்த் திராட்சை பக்கமே திரும்பினார், ரெங்கா சொன்ன அந்தப் பாட்டில்கள் அப்படி வந்தவைதான். மலை எங்கேயும் போகவில்லையே, அதே மலைதானே? அது பேசாமல் நின்றபோது கொடியைச் சாகவிடாமல் வைத்திருந்தது வீட்டுக் குடிக்கென்று நாலு பீப்பாய் போட்டுக்கொண்டிருந்த கிழவர்கள். பெருமை யாருக்கு என்று கேட்டால் நான் அவர்களுக்குத்தான் எழுதுவேன்.

பலேர்மோ_செல்வா:

தங்கச்சி தாரணி, சரியாகச் சொன்னீங்கள். நான் வேலை செய்த இடத்தில் கவாத்து செய்கிற பெரியவருக்கு வயது எண்பதுக்குக் கிட்ட. கொடிக்கு முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், பிறகு மூன்று வெட்டு, நாலு வெட்டு, அடுத்ததுக்குப் போய்விடுவார். எதை விட்டார், எதை வெட்டினார் என்று நான் கேட்டதுக்கு, போன வருடம் எந்தக் கொப்பு களைத்துப் போனதென்று பார் என்றார். அதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் பின்னால் ஆள் இல்லை. இப்போது காணி விலை ஏறிப்போச்சு, பெரிய கம்பனிகள் வந்துவிட்டன, புதுசாக நடுகிறவர்கள் கம்பி போட்டு டிராக்டர் போகிற மாதிரித்தான் நடுகிறார்கள். குற்றம் சொல்லமுடியாது, ஆள் கிடைக்காதே. ஆனால் அந்தப் பழைய கொடி ஒன்றைப் பிடுங்கினால் அது போனதுதான்.

மலையைப் பற்றியும் ஒன்று. அது உதவி மட்டும் செய்கிறதென்று நினைக்காதீங்கள். 1981 மார்ச்சில் லாவா ராண்டாத்ஸோவுக்குப் பக்கத்தால் இறங்கித் தோட்டம், ரோட்டு, ரயில்பாதை எல்லாத்தையும் அறுத்துக்கொண்டு அல்கந்தாரா ஆறு மட்டும் போனது. அந்தக் கறுப்புக் கல்வெளியைத் தோட்டத்திலிருந்தே காட்டினார்கள், அதன்மேல் இன்னும் ஒழுங்கான மண் இல்லை. 2021இல் திரும்பத் திரும்பச் சாம்பல் கொட்டினது. இலையில், பழத்தில், வீட்டுக் கூரையில் எல்லாம் கரும்பொடி. கழுவினால்தான் போகும், கையால் துடைத்தால் பழத்தோல் கீறும்.

ரெங்கா:

செல்வா, இதைப் படித்தபின் மலைக்குத் தனியாகப் பெருமை கேட்க எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் ஒன்றை விடமாட்டேன். காலியொப்போ நல்ல ஒயின்தான், நானும் குடித்திருக்கிறேன், ஆனால் பத்து வருஷம் கழித்துத் திறந்த எட்னா ரொஸ்ஸோவின் நயம் அதில் இல்லை. அந்தக் கடைசி நயத்துக்கு உயரமும் குளிரும் வேண்டும், அது எட்னாவில்தான் இருக்கிறது.

இளவேனில்:

அதில் எனக்குச் சண்டையே இல்லை ரெங்கா. குளிர், உயரம், நீண்ட இலையுதிர்காலம், இவற்றோடு இந்தத் திராட்சைக்குப் பொருத்தம் ஜோராக இருக்கிறது. என் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: லேபிளில் மலைப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுத் திராட்சையின் பெயரைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுகிறார்கள். நெபியோலோவில் செய்கிற பரோலோ ஒயின் குடிப்பவர் எல்லாருக்கும் அந்தத் திராட்சையின் பெயர் தெரியும். எட்னா ரொஸ்ஸோ குடிப்பவர்களில் பாதிப் பேருக்குமேல் நெரெல்லோ மஸ்கலேசே என்று சொல்ல வராது. இது மாறவேண்டும்.

புது ஓக் பீப்பாயையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிலர் இதைச் சின்னப் புதுப் பீப்பாயில் போட்டு வனிலா, வறுத்த காப்பி வாசனை ஏற்றுகிறார்கள். சதை இல்லாத திராட்சை இது, அந்தப் பாரத்தை அது தாங்காது, இரண்டே வருஷத்தில் மரம் மட்டும்தான் தெரியும். பெரிய, பழைய பீப்பாயில் வைத்தவற்றைத் தேடி வாங்குங்கள்.

கயல்:

சரி, முதல் தடவை வாங்கப் போகிறவளுக்கு என்ன சொல்வீர்கள்? எதைத் தேடுவது, எப்போது திறப்பது?

தாரணி:

கயல், கொந்த்ராதா பெயர் போட்டதை எடுத்த எடுப்பில் வாங்காதே, விலை கூட, இளசாக இருந்தால் துவர்ப்பு முந்திக்கொள்ளும். சாதாரண எட்னா ரொஸ்ஸோ ஒன்று, வடக்குச் சரிவில் விளைந்தது, அறுவடை ஆகி நாலைந்து வருஷம் ஆனதாகப் பார். சொலிக்கியாத்தா, ராண்டாத்ஸோ, காஸ்திலியோனே தி சிசிலியா, இந்த ஊர்ப் பெயர்கள் லேபிளில் இருந்தால் வடக்குப் பக்கம் என்று அர்த்தம். 2014 கிடைத்தால் விடாதே. இத்தாலியின் மற்ற இடங்களில் மழை கெடுத்த வருஷம் அது, எட்னாவில் அபாரமாக அமைந்தது.

பலேர்மோ_செல்வா:

குளிர்ச்சாதனப் பெட்டியில் ஒரு அரை மணித்தியாலம் வைத்து எடுங்கோ, 16 டிகிரி போதும், சூடாகக் குடித்தால் சாராயம்தான் மணக்கும். தனியாகக் குடிக்கிற வைன் இல்லை இது, சாப்பாடு வேணும். லிங்குவாகுளோஸ்ஸாவில் பன்றி இறைச்சியை மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தி, காட்டுப் பெருஞ்சீரகம் சேர்த்து ஒரு சொசேஜ் செய்வார்கள். கொழுப்பும் அந்தத் துவர்ப்பும் நல்லாச் சேரும். அது கிடைக்காவிட்டால் நெருப்பில் வாட்டின ஆட்டிறைச்சி, காளான். மீன் வேண்டாம், அதுக்கு அதே மலையின் வெள்ளைத் திராட்சை கர்ரிகாந்தே இருக்கு.

மண்வாசகன்:

கர்ரிகாந்தேவுக்குத் தனி இழை போடலாம், கிழக்குச் சரிவில் மீலோ ஊரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கயல், வாங்கியதும் பாட்டில் விவரத்தையும் குடித்த அனுபவத்தையும் இங்கே எழுதுங்கள். அறுவடை வருஷமும் கொந்த்ராதாவும் மறக்காமல்.